குட்டம் என்னும் சொல்லின் பொருட்சுருக்கம்: சிதம்பரம் – வடலூர் வட்டாரத்தை முன்வைத்துத் தோல்நோய்ப் பெயர்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மருத்துவ நூல்களில் குட்டம் என்பது பதினெட்டு வகைத் தோல்நோய்களுக்குரிய பொதுப்பெயராக வழங்கியது. அச்சு நூல்களும் மொழிபெயர்ப்புகளும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சொல் தொழுநோய் ஒன்றற்கே உரியதாக நிலைபெற்றது. பொதுப்பெயர் இவ்வாறு சுருங்கிய பின்னரும் வெண்குட்டம் என்னும் கூட்டுப்பெயர் வழக்கில் தொடர்ந்தமையால், தொற்றாத நிறமாற்றம் ஒன்று தொற்றுநோயின் பெயரையும் அதனோடு வந்த சமூக விலக்கையும் ஏற்க நேர்ந்தது. இவ்வரலாற்றைச் சிதம்பரம், வடலூர்ச் சான்றுகளையும் யாழ்ப்பாண மருத்துவத் தமிழாக்கங்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தோல், மெய், குட்டம், தொழுநோய், வெண்புள்ளி, வள்ளலார், கிறீன்

சிதம்பரத்து அரசனின் நோய்

சிதம்பரத் தலவரலாற்றில் சிங்கவன்மன் என்னும் அரசன் ஒருவன் இடம்பெறுகிறான். கௌட நாட்டிலிருந்து தெற்கே வந்த அவன் தில்லையில் சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தபோது உடல் பொன்னிறம் பெற்றது. அதனால் இரணியவன்மன் எனப் பெயர் பெற்றான். பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவம் இயற்றிய கோயிற்புராணம் இவ்வரசனுக்குத் தனிச் சருக்கமே ஒதுக்கியுள்ளது.

அவனுக்கு இருந்த உடற்குறை யாது என்னும் வினாவுக்கு விடை ஒன்றாக இல்லை. தலவரலாற்றை எடுத்துரைப்போர் சிலர் அதனைத் தொழுநோய் என்பர். சிலர் வெண்குட்டம் என்பர். வேறு சிலர் அவன் உடல் சிங்கத்தைப் போன்ற வெளிறிய நிறம் உடையது என்று மட்டும் கூறி நிறுத்துவர். கதையின் போக்கை நோக்கினால் மூன்றாமவர் கூற்றே பொருந்துவது. தீர்த்தத்தில் மூழ்கியதால் மாறியது நிறம். இழந்த விரல் மீண்டதாகவோ, மரத்த கால் உணர்வு பெற்றதாகவோ வழங்கும் கதையில் எதுவும் இல்லை. நிறத்தில் தொடங்கி நிறத்தில் முடியும் கதைக்குள் தொழுநோய் எவ்வாறு நுழைந்தது? சொல் வழியாகவே நுழைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. குட்டம் என்ற சொல் ஒரு காலத்தில் இவை யாவற்றையும் தழுவியிருந்தது. பின்னர் அது ஒன்றை மட்டும் குறிக்கத் தொடங்கியபோது, பழைய கதைகளும் புதிய பொருளிலேயே வாசிக்கப்பட்டன.

அரசன் ஒருவனின் கதையில் இக்குழப்பத்தால் பெருங்கேடு இல்லை. ஆனால் இதே குழப்பம் வாழும் மனிதர்களின் திருமணத்தையும் வேலையையும் குடியிருப்பையும் தொட்டிருக்கிறது. தோல்நோய்ப் பெயர்களை வரலாற்று முறையில் ஆராய வேண்டிய தேவை அங்கிருந்தே எழுகிறது.

தோலும் மெய்யும்

நோய்ப் பெயர்களுக்கு முன் உறுப்பின் பெயரைக் காண்பது முறை. பழந்தமிழில் உரிக்கப்பட்ட தோலைக் குறிக்க அதள், உரி, உரிவை முதலிய சொற்கள் இருந்தன. யாழின் மேல் போர்த்த தோல் பச்சை எனப்பட்டது. தோல் என்ற சொல்லோ கேடயத்தையும் யானையையும் குறித்ததுடன், தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கும் பெயராயிற்று. (அவ்வெட்டனுள் அம்மை என்பதும் ஒன்று, பிற்காலத்தில் ஒரு நோய்க்கு அப்பெயர் வந்தது தனிவரலாறு.) இவற்றுள் பெரும்பாலானவை தோலைப் போர்வையாகவே காண்பவை. அன்பில்லாத உடலை எலும்பின் மேல் போர்த்த தோல் என்று குறள் கூறும் இடத்திலும் இப்பார்வையே உள்ளது.

தொட்டுணரும் பொறியாக அதே உறுப்பைச் சொல்லும்போது தமிழ் வேறு சொல்லை எடுத்தது. அது மெய். அதன் புலன் ஊறு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது, உற்றறிதலையே முதல் அறிவாக வைக்கிறது. புல்லும் மரமும் அதனால்தான் உயிர்களாகின்றன. வடமொழித் த்வக் என்பதன் தமிழ் வடிவங்களான துவக்கு, தொக்கு ஆகியவையும் சைவ சாத்திரங்களிலும் சித்த மருத்துவத்திலும் இப்பொறியையே குறித்தன.

இப்பிரிவு வெறும் சொல்லளவில் நின்றதன்று. ஐம்பூதக் கூறுகளைப் பகுக்கும் சித்த மருத்துவ மரபில் மயிர், எலும்பு, தோல், நரம்பு, தசை ஆகிய ஐந்தும் மண்ணின் கூறுகள். ஊறு என்னும் புலனோ காற்றின்பாற்படுவது. போர்வையாகிய தோல் மண்ணைச் சேர்ந்தது, தொடுவுணர்வு காற்றைச் சேர்ந்தது. உடலின் ஏழு கட்டுகளைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று எண்ணும்போது தோல் தனிக்கட்டாக வைக்கப்படவில்லை என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது. இப்பிரிவு நோயறிதலுக்கு எவ்வளவு பயன்படக்கூடியது என்பது பின்னர் விளங்கும்.

இக்காலத்தில் சருமம் என்ற வடசொல் தோலுக்குப் போட்டியாக நிற்கிறது. விளம்பரங்களில் பொலிவு பெறுவது சருமம். மருத்துவமனையில் நோயுறுவது தோல். பதனிடப்பட்டுச் செருப்பாவதும் தோல். ஒரே உறுப்பின் இரு பெயர்களுள் உயர்வு தாழ்வு புகுந்திருப்பதற்குத் தோல் பதனிடும் தொழிலின் மீது சாதிச் சமூகம் சுமத்திய இழிவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

கண்ணும் கையும் இட்ட பெயர்கள்

மக்கள் வழக்கிலுள்ள தோல்நோய்ப் பெயர்கள் வியக்கத்தக்க துல்லியம் உடையவை. சொறி என்பது செயலால் வந்த பெயர். நமைச்சல், தினவு, அரிப்பு ஆகியவை உணர்வின் வேறுபாட்டைக் காட்டுவன. படை என்பது தோலின் மேல் படிந்து பரவும் தோற்றத்தால் பெயர் பெற்றது. படர்தாமரை வட்டமாக விளிம்பு தடித்துப் பரவுவதைக் கண்டவர் இட்ட பெயர். பாலுண்ணி, மரு, பரு, கொப்புளம், தடிப்பு ஆகியவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் சொல்லும் முதியவர் எவரும் இரார்.

காரணத்தால் வந்த பெயர்களும் உண்டு. வீராணம் ஏரிப் பாசனத்தில் நடவு செய்வோரின் கால்விரல் இடுக்கில் வருவது சேற்றுப்புண். இப்பெயரே நோய்க்காரணத்தையும் தொழிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வேர்க்குரு வியர்வையால் வருவது. இவற்றுள் மிக நுட்பமானது காணாக்கடி என்பது. உடலெங்கும் திடீரெனத் தடித்துச் சில நாழிகையில் மறையும் ஒவ்வாமைத் தடிப்புக்கு இப்பெயர். கடித்தது போன்ற தடிப்பு இருக்கிறது, கடித்த உயிரைக் காணவில்லை, ஆகவே காணாக்கடி. காரணம் தெரியாமையையே பெயராக்கிய இச்சொல்லின் நேர்மை பல கலைச்சொற்களுக்கு இல்லை.

சில நோய்ப் பெயர்கள் மருந்துக்கும் பெயர் தந்தன. வண்டுகடி எனப்படும் படைக்கு அரைத்துப் பூசும் சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்று பெயர். அக்கிக்கு மருந்திடுவதை அக்கி எழுதுதல் என்பர். குயவர் காவிக்கல்லைக் குழைத்து நோயுற்ற இடத்தில் எழுதுவது பழைய வழக்கம். சிதம்பரத்துக்குத் தெற்கே புள்ளிருக்குவேளூர்க் கோயில் குளத்தில் தோல்நோயுற்றோர் வெல்லம் கரைப்பதும் இவ்வகைப்பட்டதே. வெல்லம் கரைவது போல் மருவும் பருவும் கரைய வேண்டும் என்பது அதன் உட்கிடை.

மக்கள் வழக்கில் மற்றொரு கூறும் உண்டு. தோலில் தோன்றும் எல்லா நிறமாற்றத்தையும் அது நோயாகக் கொள்ளவில்லை. சங்க அகப்பாடல்கள் இளமகளிர் மேனியில் தோன்றும் சுணங்கையும் திதலையையும் அழகின் அடையாளமாகப் போற்றின. சுணங்கு என்பதற்கு உரையாசிரியர்கள் கூறும் பொருள் தேமல். காதலர் பிரிவால் நிறம் வெளிறுவது பசலை. திருக்குறளில் அதற்குப் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே உண்டு. கவிதையில் அழகாக நிற்கும் தேமல் மருத்துவத்தில் சிறு குறையாகவும் நிற்க முடிந்தது. அச்சொல்லுக்கு அச்சம் ஏறவில்லை. அச்சம் ஏறியது வேறொரு சொல்லில்.

பதினெட்டிலிருந்து ஒன்றுக்கு

குட்டம் என்பது குஷ்ட என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். சரகமும் சுச்ருதமும் குஷ்டத்தை ஏழு பெருவகை, பதினொரு சிறுவகை எனப் பதினெட்டாக எண்ணின. யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ மரபும் பதினெட்டு என்னும் எண்ணிக்கையைக் கொண்டது. இப்பதினெட்டனுள் இன்று நாம் தொழுநோய் என்று கூறுவதும் அடங்கும். செதில் உதிர்வது, தோல் தடித்துக் கறுப்பது, அரித்து நீர் வடிவது போன்ற வேறு பல நோய்களும் அடங்கும். சுருங்கக் கூறின் குட்டம் என்பது ஒரு வகுப்பின் பெயர். தோல் வெண்மையாகும் நிலையை வடமொழி நூல்கள் கிலாசம், சுவித்திரம் என்ற பெயர்களால் குட்டத்துக்கு அருகில் வைத்துப் பேசினவேயன்றிப் பதினெட்டோடு சேர்த்து எண்ணவில்லை. தமிழ் வழக்கிலோ அது வெண்குட்டம் ஆயிற்று.

இங்கே ஒரு சொல்நயம் குறிப்பிடத்தக்கது. வடமொழியில் குஷ்டம் என்பது நோயின் பெயராகவும் இமயமலைப் பகுதியில் விளையும் ஒரு மணவேரின் பெயராகவும் உள்ளது. தமிழ் இரண்டையும் பிரித்துக்கொண்டது: நோய் குட்டம், வேர் கோட்டம். ஒலியில் நெருங்கி நின்றாலும் மருந்துக் கடையில் இவை குழம்புவதில்லை. வேண்டும்போது வேறுபடுத்திக்கொள்ளும் ஆற்றல் மொழிக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

தொழுநோய் என்ற தமிழ்ச் சொல்லும் பழமையானதே. நாலடியாரில் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் அது வருகிறது. அங்கே அது விரல்கள் அழுகி விழும் நோய். முற்பிறப்பில் நண்டின் காலை முறித்துத் தின்ற வினையின் பயன் என்று காட்டப்படுகிறது. ஆகவே விரலைத் தின்னும் அந்நோய்க்குத் தனிப்பெயர் தமிழில் முன்னரே இருந்தது. ஆனால் அப்பெயருடன் வினைப்பயன் என்னும் தீர்ப்பும் சேர்ந்தே வந்தது.

மருத்துவர்கள் ஏட்டில் பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே, பேச்சு வழக்கில் குட்டம் என்பது பெருநோயைச் சுட்டத் தொடங்கியிருக்கக் கூடும். அவ்வழக்கை அச்சில் ஏற்றி உறுதிப்படுத்தியவற்றுள் விவிலிய மொழிபெயர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. எபிரேய மொழியில் சாரஅத் என்று கூறப்பட்டதைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் லெப்ரா என்றனர். கிரேக்க மருத்துவத்தில் லெப்ரா என்பது செதில் உதிரும் நோய். உண்மையான தொழுநோயை அவர்கள் யானைநோய் என்ற பொருள்படும் பெயரால் வழங்கினர். அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்குச் சென்ற பதினோராம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றாகி, லெப்ரா என்பது தொழுநோயாயிற்று. அதாவது தமிழில் நேர்ந்த சுருக்கம் ஐரோப்பாவில் முன்பே நேர்ந்திருந்தது. அங்கே சுருங்கிய சொல்லுக்கு இணையாகவே இங்கே குஷ்டரோகம் வைக்கப்பட்டது.

லேவியராகமத்தின் 13, 14ஆம் அதிகாரங்களைத் தமிழில் படிப்போர் இதன் விளைவை எளிதில் உணரலாம். அங்கே அந்நோய் ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுகிறது. உடல் முழுவதும் வெண்மையாகிவிட்டால் அம்மனிதன் தூய்மையானவன் என்று ஆசாரியன் கூற வேண்டும் என்றும் விதிக்கப்படுகிறது. வேறிடங்களில் மிரியாமுக்கும் கேயாசிக்கும் வந்தது பனிபோல் வெளுக்கும் நோய். இவற்றுள் எதுவும் இன்றைய மருத்துவம் கூறும் தொழுநோய்க்குப் பொருந்தாது. ஆயினும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அனைத்தும் குஷ்டரோகமே. வெண்மையும் தீட்டும் விலக்கலும் ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தன.

யாழ்ப்பாணத்து வழி

அச்சிட்ட மருத்துவத் தமிழுக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அவர் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப் பணிக்குச் சென்றுவிடுவர், தமிழில் கற்றவர்கள் ஊரில் தங்குவர் என்பது அவர் கணிப்பு. இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872) முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. சொல்லாக்கத்தில் முதலில் தமிழ்ச்சொல், அது இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்னும் வரிசையை அவர் வகுத்துக்கொண்டார்.

வகுத்த வரிசை இதுவாயினும் நூற்பெயர்களே வடசொல்லில் அமைந்திருப்பதைக் காணலாம். உடற்கூற்றியல் அங்காதிபாதம், உடலியங்கியல் சுகரணம். கற்றோர் மொழி என்று அக்காலத்தில் மதிக்கப்பட்டது இதுவே என்பதால் இதனைக் குறையாகக் கூறுவது பொருந்தாது. ஆனால் இவ்வகை மொழிபெயர்ப்பின் உள்ளமைப்பு கருதத்தக்கது. ஆங்கில நூலில் நோய் ஒவ்வொன்றும் எல்லை வகுக்கப்பட்ட தனிப்பொருள். அதற்கு இணையாகத் தமிழில் ஒரு சொல்லை நிறுத்தும்போது, வகுப்புப் பெயராக இருந்த சொல்லும் தனிப்பெயராகிவிடுகிறது. பின்னர் 1916இல் சேலத்தில் தொடங்கிய அறிவியல் சொல்லாக்க முயற்சியும், 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்ட கலைச்சொல் பணியும் ஆங்கிலத் தலைச்சொல்லுக்குத் தமிழ் நிகரன் காணும் முறையையே பின்பற்றின. 1931இல் முதல் தொகுதி வெளிவந்த டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி தமிழ்ச் சொற்களையே தலைச்சொற்களாகக் கொண்டு எதிர்த்திசையில் சென்றது. இத்துறையில் புகுவோர் முதலில் கையிலெடுக்க வேண்டியது அந்நூலே என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அக்காலத்தில் இருந்த போக்குவரத்தை இங்கே நினைவுகூரலாம். கிறீன் பிறந்த அதே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்தில் பங்கு கொண்டவர். அவரே 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் இராமலிங்க அடிகள்மீது வழக்குத் தொடுத்தார். அருட்பா மருட்பா வாதத்தின் இரைச்சலில், இவ்வட்டாரத்தில் அப்போது நடந்துகொண்டிருந்த வேறொரு செயல் போதிய கவனம் பெறவில்லை.

வடலூர்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் 23.5.1867 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வருவோர் யாவராயினும் சாதி, சமயம் கேளாமல் உணவளிப்பது அதன் விதி. தோல்நோய்ப் பெயர்களின் வரலாற்றில் அடிகளுக்கு இருவகையில் இடமுண்டு.

முதலாவது, அவர் மருத்துவம் அறிந்தவர். 485 மூலிகைகளின் குணங்களைக் கூறும் அட்டவணை ஒன்று அவர் பெயரில் உள்ளது. நித்திய கரும விதியில் உணவு, உறக்கம், குளியல், கரிசலாங்கண்ணி, தூதுவளை போன்ற மூலிகைகளின் பயன் ஆகியவை கூறப்படுகின்றன. மூலிகை அட்டவணை என்னும் வடிவமே கருதத்தக்கது. வைத்தியாகரம் போன்ற நூல் நோயைத் தலைப்பாக வைத்து அதன்கீழ் மருந்தைக் கூறும். மூலிகை அட்டவணை மருந்தைத் தலைப்பாக வைத்து அதன் எதிரே குணத்தைக் கூறும். இம்முறையில் நோயின் பெயர் நோயாளியின் மேல் ஒட்டும் முத்திரையாவதில்லை. இலையின் குணத்தைச் சொல்லும் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. நரை, திரை, மூப்பு என்று அடிகள் அடிக்கடி கூறும் தொடரில் தோலின் சுருக்கத்துக்குத் திரை என்ற பழஞ்சொல்லே வருகிறது. அலையையும் மடிப்பையும் குறிக்கும் அதே சொல்.

இரண்டாவது, இதைவிட முதன்மையானது, வினைப்பயன் பற்றிய அவர் நிலைப்பாடு. உயிர்களுக்கு நேரும் தடைகளைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக ஜீவகாருணிய ஒழுக்கத்தில் அவர் எண்ணினார். அங்கே ஒரு கடாவை அவரே எழுப்பிக்கொள்கிறார். முன்வினையால் துன்புறுமாறு கடவுள் விதித்திருக்க, அத்துன்பத்தை நீக்குவது கடவுள் ஆணைக்கு மாறாகாதா? அவர் கூறும் விடையில் ஓர் அரசன் வருகிறான். கொடுங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவர்க்கும் அவ்வரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு அளிப்பிக்கிறான். தண்டனை அரசனுடையது, ஆயினும் உணவு கொடுப்பது அவன் ஆணைக்கு மாறாவதில்லை.

நாலடியாரோடு இதனை வைத்துப் பார்த்தல் வேண்டும். அடிகள் வினையை மறுப்பவர் அல்லர். கொலையும் புலாலும் கூடா என்பதில் சமண முனிவர்க்குச் சற்றும் தளராதவர். நண்டின் காலை முறித்த பாவத்தை அவரும் பாவம் என்றே கூறியிருப்பார். ஆனால் அழுகிய விரலைக் காட்டி அப்பாவத்தை நினைவூட்டுவது நாலடியாரின் வழி. அவ்விரல் உடையவனை இலையின் முன் உட்கார வைப்பது தருமச்சாலையின் வழி. ஒரே கொள்கையிலிருந்து பிறந்த இரு நடைமுறைகள் இவை. நோயின் பெயரோடு ஒட்டியிருந்த தீர்ப்பைச் சொல்லை மாற்றாமலேயே செயலற்றதாக்க முடியும் என்பதற்கு வடலூர் சான்றாகிறது.

22.10.1873 அன்று மேட்டுக்குப்பத்தில் அடிகள் பேருபதேசம் செய்தார். அதே 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆன்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இம்மூன்றும் ஒன்றையொன்று அறியா நிகழ்ச்சிகள். எனினும் இந்த ஆண்டுக்குப் பின் குட்டம் என்ற சொல் பழைய பதினெட்டு வகைக்கும் திரும்புவது அரிதாயிற்று. தொற்றுநோய் என்னும் உறுதி கிடைத்ததும் சட்டமும் அச்சொல்லைப் பற்றிக்கொண்டது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் வறிய நோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க வழிசெய்தது. மணமுறிவுக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன.

மருந்து இவற்றைவிட விரைவாக மாறியது. நீரடிமுத்து எண்ணெயை நம்பியிருந்த மருத்துவம் 1940களில் டாப்சோனுக்கும், 1980களில் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறைக்கும் வந்தது. முற்றும் குணமாகக் கூடிய நோயாகத் தொழுநோய் ஆகிவிட்டது. பெயரின் நினைவு மட்டும் பின்தங்கிற்று.

தேமலும் வெண்புள்ளியும்

தொழுநோய் ஒழிப்புப் பணியாளர்கள் ஊர்களுக்குச் சென்றபோது அவர்களுக்குத் தேவைப்பட்ட சொல்லைக் கலைச்சொல் தொகுப்புகள் தரவில்லை. மக்கள் வழக்கே தந்தது. உணர்ச்சியற்ற தேமல் என்ற தொடர் தமிழ்நாட்டில் சுவர்களிலும் துண்டறிக்கைகளிலும் எழுதப்பட்டது. இத்தொடரின் அமைப்பை நோக்குக. தேமல் என்பது கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றம், தோலைப் பற்றியது. உணர்ச்சியற்ற என்பது ஊறு என்னும் புலனின் இழப்பு, மெய்யைப் பற்றியது. முன்பு கூறிய தோல், மெய் என்னும் பிரிவு இவ்விரு சொல் தொடருக்குள் மீண்டும் வந்து நிற்கிறது. தொழுநோய் நரம்பைத் தாக்குவது. ஆகவே நிறம் மட்டும் மாறினால் அஞ்ச வேண்டியதில்லை, தொட்டால் தெரியவில்லையா என்று பார்க்க வேண்டும். எழுத்தறியாதவரும் தம் உடலில் தாமே சோதித்துக்கொள்ளக் கூடிய வரையறை இது. குட்டம் என்ற சொல் நூற்றாண்டுக் காலம் மறைத்ததைத் தேமல் என்ற எளிய சொல் வெளிக்கொணர்ந்தது.

வெண்குட்டம் எனப்பட்ட நிலையில் நிறமி உயிரணுக்கள் அழிவதால் தோல் வெளுக்கிறது. அது தொற்றாது, உணர்வும் குன்றாது. கார்போக அரிசியை வெண்மை படர்ந்த தோலுக்குப் பயன்படுத்திய பழைய வைத்தியர்கள் இதனைத் தனி நிலையாகவே கையாண்டனர். அவ்விதையில் உள்ள சோரலென் என்னும் பொருள் வெயிலொளியோடு சேர்ந்து நிறமியைத் தூண்டுவது இருபதாம் நூற்றாண்டில் அறியப்பட்டது. மருத்துவம் வேறுபடுத்திய இரண்டைப் பெயர் ஒன்றாக்கி வைத்திருந்தது. அப்பெயரால் பெண் பார்க்க வந்தவர் திரும்பிச் சென்றதும், வகுப்பில் பிள்ளை தனியே அமர்த்தப்பட்டதும் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. பாதிக்கப்பட்டோர் இயக்கமாகத் திரண்டு கேட்டதன் பயனாக, வெண்குட்டம் என்பதை விடுத்து வெண்புள்ளிகள் என்றே வழங்க வேண்டுமெனத் தமிழக அரசு ஆணையிட்டது. சித்த மருத்துவத்தில் வெண்படை என்ற பெயர் உள்ளது. இரண்டும் நல்ல சொற்களே. படை என்பது பரவும் நோயை நினைவூட்டுவதால், பொது வழக்குக்கு வெண்புள்ளியே ஏற்றது.

பதிப்பாளருக்கு எழும் சிக்கல்

புதுப்பெயர் நிலைபெற்றதால் பழநூல்களைப் படிப்பதில் ஒரு புதிய இடர் தோன்றியுள்ளது. சித்த மருத்துவச் சுவடிகளை இக்காலத் தமிழில் விளக்கிப் பதிப்பிப்போர் சிலர் குட்டம் என்று வருமிடமெல்லாம் தொழுநோய் என்று பொருள் எழுதுகின்றனர். நாகரிகம் கருதிச் செய்யப்படும் இம்மாற்றத்தால் பதினெட்டுக் குட்டம் பதினெட்டுத் தொழுநோய் ஆகிவிடுகிறது. படைக்கும் செதில் நோய்க்கும் கூறப்பட்ட எண்ணெய்கள் தொழுநோய்க்கு மருந்தாக எண்ணப்படுகின்றன. அம்மருந்தை நம்பிக் கூட்டு மருந்தைத் தள்ளிப்போடும் நோயாளிக்கு நரம்பு அழிந்து, விரல் மடங்கிவிடும். மறுதலையாக, அம்மருந்துகளால் குணமான படை நோயாளி தொழுநோய் தீர்ந்தவராகக் கணக்கிடப்படுவார்.

ஆழம், நீர்நிலை என்னும் பொருளில் வரும் தமிழ்ச் சொல்லாகிய குட்டமும் உள்ளது. குட்டநாடு என்ற பெயரில் நிற்பது அதுவே. இடப்பெயர் ஆய்வில் இதனை நோயோடு இணைக்கும் போக்குத் தவிர்க்கப்பட வேண்டும்.

ஆகவே மூல நூலில் குட்டம் என்றிருப்பதை அவ்வாறே பதிப்பித்து, அங்குக் கூறப்படும் குறிகுணங்களைக் கொண்டு எந்நோய் எனத் துணிந்து அடிக்குறிப்பில் எழுதுவதே முறை. உணர்விழப்புக் கூறப்படுகிறதா, செதில் கூறப்படுகிறதா, நிறம் மட்டுமா என்ற மூன்று வினாக்கள் பெரும்பாலான இடங்களில் போதும். அகராதிகளில் வெண்குட்டம் என்பது பழவழக்கு என்ற குறிப்போடு நின்று, வெண்புள்ளியைக் காண்க என்று சுட்டப்பட வேண்டும். சிதம்பரத் தலவரலாற்றைப் புதிதாக எழுதுவோரும் சிங்கவன்மனின் குறையைத் தொழுநோய் என்று எழுதுமுன் இரணியவன்மச் சருக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நன்று.